ஒவ்வொரு டப்புக்கும் எத்தனை டிக்?

முழுக்கப் பிரித்து, போர் போட்டு, திரும்பப் பூட்டிய எஞ்சினை முதல் தடவை ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் பட்டறையில் பேச்சு நின்றுவிடும். டீ குடித்துக்கொண்டிருப்பவர்கூட கிளாஸைக் கீழே வைத்துவிடுவார். என் 350 புல்லட்டுக்கும் அப்படித்தான் நடந்தது. புதுப் பிஸ்டன், புது ரிங், ஹெட்டை லேத்தில் கொடுத்து முகம் சமன் செய்து, வால்வு சீட்டும் கட் பண்ணியாயிற்று. இரண்டாவது செல்ஃபிலேயே எழுந்துகொண்டது. ஆனால் டப் டப் என்ற அந்தப் பழகிய தாளத்தின் மேல் தையல் மெஷின் ஓடுவதுபோல் ஒரு டிக் டிக். ஐந்து நிமிடம் ஓடியும் அடங்கவில்லை.

"டேப்பட் அடிக்குதுண்ணே. ரெண்டையும் மாத்திட்டா போயிடும்" என்றார் பக்கத்தில் நின்ற தம்பி.

மாற்றியிருந்தாலும் அது போயிருக்காது. ஏன் என்று தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளில் கற்றதுதான் இந்தக் கட்டுரை.

எஞ்சினின் மூச்சுவாசல் வால்வு. அதைத் திறக்கும் வேலை ஒரு வரிசையாகக் கைமாறிப் போகிறது. கீழே கேம் சுற்றுகிறது. அதன் மேடு வரும்போது மேலே உட்கார்ந்திருக்கும் டேப்பட் எழும்புகிறது. டேப்பட் புஷ் ராடைத் தள்ளுகிறது, ராடு ஹெட்டில் இருக்கும் ராக்கரின் ஒரு முனையைத் தூக்குகிறது, மறுமுனை வால்வின் தலையில் அமுக்குகிறது. மேடு கடந்ததும் ஸ்பிரிங் வால்வை இழுத்து மூடுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் ஒவ்வொரு வால்வும் ஒரு மணி நேரத்தில் 90,000 முறை திறந்து மூடும்.

இந்த வரிசையில் எங்காவது இடைவெளி இருந்தே ஆகவேண்டும். எஞ்சின் சூடாகும்போது வால்வு நீளும். நீள இடமில்லையென்றால் அது சீட்டில் முழுமையாக உட்காராது. எக்ஸாஸ்ட் வால்வு 700 டிகிரி செல்சியஸைத் தொடும். அந்தச் சூட்டின் பெரும்பகுதி, வால்வு மூடியிருக்கும் நேரத்தில் சீட் வழியாகத்தான் ஹெட்டுக்குள் இறங்குகிறது. சரியாக மூடாத வால்வால் சூட்டை இறக்கிவைக்க முடியாது. ஓரம் கருகி, கம்ப்ரஷன் போய், கடைசியில் ஹெட்டையே இறக்கவேண்டி வரும். ஆகவே இடைவெளி வேண்டும், ஆனால் மிகக் கொஞ்சமாக. சாதாரண 100 சிசி வண்டிகளில் அது 0.05 மி.மீ. அளவுதான். தலைமுடியின் தடிமன்கூட இல்லை.

இடைவெளி கூடினால் ஏன் சத்தம் வருகிறது என்பதற்கு "தட்டுகிறது, அதனால்தான்" என்று பதில் சொல்லிவிடலாம். உள்ளே நடப்பது அதைவிட நுட்பமானது. கேமை வடிவமைப்பவர்கள் மேட்டின் அடிவாரத்தில் ஒரு மென்மையான சரிவு வைப்பார்கள். டேப்பட் மெதுவாக எழும்பி, இடைவெளி முழுவதையும் அடைத்து, எல்லா உலோகமும் ஒன்றோடொன்று தொட்ட பிறகே உண்மையான ஏற்றம் தொடங்கும். இடைவெளி அந்தச் சரிவின் உயரத்துக்குள் இருந்தால் உலோகங்கள் ஒன்றையொன்று மெல்லத் தொடும். அதைத் தாண்டினால், கேம் வேகமெடுத்து ஏறும் இடத்தில் போய் மோதும். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும்; வேகம் மூன்று மடங்கானால் அடி ஒன்பது மடங்கு. நேற்றுவரை காதில் விழாத டேப்பட், ஒரு நூலளவு தேய்ந்ததும் திடீரென்று தெருமுனை வரை கேட்பது இதனால்தான்.

பழைய வார்ப்பிரும்பு பேரல் புல்லட்டில் இந்த இடைவெளியைக் கையால் வைப்பார்கள். 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் புல்லட்டைத் தயாரித்துவந்த நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து திருவொற்றியூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பல தலைமுறை வண்டிகள் அந்த எஞ்சினோடு வந்தன. பேரலின் வலது பக்கத்தில் ஒரு சின்ன மூடி. எஞ்சின் ஆறியிருக்கும்போது பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சத்துக்குக் கொண்டுவந்து, அந்த மூடியைக் கழற்றி, புஷ் ராடை இரு விரலால் உருட்டிப் பார்க்கவேண்டும். தங்குதடையில்லாமல் உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. ஃபீலர் கேஜ் தேவையில்லை. இதை மூத்த மெக்கானிக்குகளின் கைப்பழக்கம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் அது அந்த எஞ்சினின் வெப்பக் கணக்கு. புஷ் ராடு அலுமினியக் கலவை, பேரல் வார்ப்பிரும்பு. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல் இரண்டு மடங்கு நீளும். ஆனால் நெருப்புக்குப் பக்கத்தில் இருக்கும் பேரல், ராடைவிட அதிகமாகச் சூடேறும். கணக்குக்காக 20 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொண்டால், அலுமினியம் 60 டிகிரி சூடேறி ஏறத்தாழ 0.28 மி.மீ. நீளும் நேரத்தில், இரும்பு 120 டிகிரி சூடேறி 0.26 மி.மீ. நீளும். இரண்டும் கிட்டத்தட்ட சேர்ந்தே வளர்வதால் ஆறிய எஞ்சினில் இடைவெளி வைக்கவேண்டிய அவசியம் மிகவும் குறைந்துவிடுகிறது.

என்னுடையது அந்த வகையல்ல. 2008-ல் தொடங்கி வந்த யூசிஇ (யூனிட் கன்ஸ்ட்ரக்ஷன்) எஞ்சின். அதில் திருகிச் சரிசெய்ய எதுவுமே இல்லை, டேப்பட் ஹைட்ராலிக். இடைவெளியைத் தானே பார்த்துக்கொள்ளும்.

ஹைட்ராலிக் டேப்பட் என்பது ஒரு கிண்ணத்துக்குள் இன்னொரு கிண்ணம். உள்ளே இருக்கும் பிளஞ்சரை ஒரு மெல்லிய ஸ்பிரிங் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் புஷ் ராடோடு எப்போதும் தொட்டபடி இருக்கும். பிளஞ்சருக்கு அடியில் ஒரு சின்ன அறை. எஞ்சின் ஆயில் ஒரு குட்டி உருண்டை வால்வு வழியாக அந்த அறைக்குள் வரும், திரும்பிப் போக முடியாது. கேம் டேப்பட்டைத் தூக்கும்போது அறையில் அகப்பட்ட ஆயில் இரும்புத்தூண் போல நிற்கும். 100 வளிமண்டல அழுத்தம் கொடுத்தாலும் ஆயில் நூற்றில் ஒரு பங்கு சுருங்காது. காற்று அப்படியல்ல. அதே அழுத்தத்தில் காற்றுக் குமிழி இருந்த இடம் தெரியாமல் நசுங்கிவிடும். அறைக்குள் ஒரு மிளகளவு காற்று போதும், தூண் பஞ்சாகிவிடும். கேம் முதலில் அந்தப் பஞ்சை அமுக்கி முடித்துவிட்டுத்தான் வால்வைத் தூக்கும். இடைவெளியே இருக்காது என்ற நம்பிக்கையில் ஹைட்ராலிக் கேமில் அடிவாரச் சரிவையும் சிக்கனமாகவே வைத்திருப்பார்கள். அதனால் இந்த டேப்பட் தவறும்போது எழும் சத்தம், பழைய டேப்பட் தளர்ந்த சத்தத்தைவிடக் கூர்மையாக இருக்கும்.

இந்த உத்தி ஆயிலை நம்பி வாழ்கிறது என்பதை அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் வரலாற்றிலும் பார்க்கலாம். 1948-ல் வந்த பான்ஹெட் எஞ்சினில் ஹைட்ராலிக் டேப்பட் புஷ் ராடின் உச்சியில், ஆயில் பம்பிலிருந்து வெகுதூரத்தில் இருந்தது. 1953-ல் அதைக் கீழே, கேமுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். ஆயில் சீக்கிரம், நல்ல அழுத்தத்தோடு கிடைக்கும் இடம் அதுதான்.

இப்போது என் வண்டிக்கு வருகிறேன். புதிதாகப் பூட்டிய எஞ்சினில் டேப்பட் சத்தம் என்றதும் சந்தேகம் முதலில் நீளங்களின் மேல்தான் போகவேண்டும். எஞ்சினைப் பிரித்து வேலை பார்ப்பது பல நீளங்களைக் கலைத்துவிடுகிறது. ஹெட்டின் முகத்தில் 0.2 மி.மீ. எடுத்தால் ஹெட் அவ்வளவு கீழே இறங்கும். நீளம் மாறாத புஷ் ராடுக்கு இடம் குறையும். சீட்டை வெட்டினால் வால்வு உள்ளே அமிழ்ந்து, அதன் தலை ராக்கர் பக்கம் எழும்பும். மறுபடியும் இடம் குறையும். தடித்த ஹெட் பேக்கிங் போட்டால் இதற்கு நேர்மாறு. இந்த மாற்றங்களைத் தாங்கத்தான் பிளஞ்சருக்கு மேலும் கீழும் போக ஓரளவு ஓட்டம் கொடுத்திருக்கிறார்கள். எஞ்சின் பூட்டிய நிலையில் அது நடுவாக்கில் நிற்கவேண்டும்.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. பிளஞ்சர் மேல்முட்டில் நின்றால், அதற்கு மேல் எட்ட முடியாமல் இடைவெளி விழுந்து சத்தம் போடும். கீழ்முட்டில் நின்றால் சத்தமே வராது. வால்வு மூடாது, வண்டி இழுக்காது, ஸ்லோ ஸ்பீடில் நிற்காது, வால்வு மெல்லக் கருகும், அதுவும் பரம சாதுவாக. ஹெட்டைச் சமன் செய்து சீட்டையும் வெட்டிய எஞ்சின் போகக்கூடிய திசை இந்த இரண்டாவது திசை. "சத்தமில்லாம ஓடுது சார்" என்று ஒருவர் வண்டியைக் கையில் கொடுத்தால், கம்ப்ரஷன் அளந்தீர்களா என்று கேட்பது நல்லது. பழைய புல்லட்டிலும் சத்தம் அடங்கவேண்டும் என்பதற்காக டேப்பட்டை இறுக்கிக்கொண்டே போகும் பழக்கம் இருக்கிறது. அது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. கொஞ்சம் அடிக்கும் டேப்பட் காதைத்தான் தொந்தரவு செய்யும். இறுக்கிய டேப்பட் வால்வைத் தின்னும்.

என் எஞ்சின் கம்ப்ரஷன் நன்றாகக் காட்டியது. நீளங்கள் போன திசையும் சத்தம் வரக்கூடிய திசை அல்ல. ஆக, வேறெங்கோ தேடவேண்டும்.

முதல் வேலை எண்ணுவது. புல்லட்டில் இதற்கு ஒரு வசதி உண்டு. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஒரு சுற்றுதான் சுற்றும். அந்த ஒரு சுற்றுக்கு ஒரு வெடிப்பு, சைலன்சரில் ஒரு டப். ஒற்றை சிலிண்டர் என்பதால் அந்த டப்பே தாளக்கட்டை. நிமிடத்துக்கு 1,000 சுற்றில் நொடிக்கு எட்டு டப் வரும். ஸ்லோ ஸ்பீடை ஒரு நிமிடம் இறக்கிவைத்துக் கேட்டால் காது பழகிவிடும். ஒரு டப்புக்கு ஒரு டிக் என்றால் ஒரே ஒரு வால்வின் வரிசையில் கோளாறு. இரண்டு டிக் வந்தால் அவற்றின் நடையைக் கவனிக்கவேண்டும். சம இடைவெளியில் விழுந்தால் அது கிராங்கோடு சுற்றும் ஏதோ ஒன்று. நொண்டியடிப்பதுபோல் ஏற்றத்தாழ்வாக விழுந்தால் இரண்டு வால்வும். இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் மூடும் நேரங்கள் சுற்றின் சரிபாதியில் அமைவதில்லை அல்லவா? பிஸ்டன் சுவரில் அறைவதும் பெரும்பாலும் ஒரு டப்புக்கு ஒருமுறைதான் பலமாகக் கேட்கும் என்பதால் எண்ணிக்கை மட்டும் போதாது. பிஸ்டன் சத்தம் கனமானது. எஞ்சின் ஆறியிருக்கும்போது பெரிதாகவும் சூடேறியபின் சிறிதாகவும் இருக்கும்.

என் வண்டியில் டப்புக்கு ஒரு டிக்.

இரண்டாவது, காலம். ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி டிக் டிக் என்று கேட்டு நின்றால் அது கோளாறே அல்ல. வால்வு திறந்த நிலையில் எஞ்சின் நின்றிருந்தால் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் அந்த டேப்பட்டின் ஆயில் மெல்லக் கசிந்து வெளியேறியிருக்கும். சூடான பின் மட்டும் சத்தம் வந்தால் ஆயில் நீர்த்துப்போய் வேகமாகக் கசிகிறது. டேப்பட் தேய்ந்திருக்கலாம், பம்ப் அழுத்தம் குறைந்திருக்கலாம், தப்பான ஆயில் ஊற்றியிருக்கலாம். ரேஸ் செய்யச் செய்யக் கூடினால் ஆயிலில் நுரை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அளவுக்கு மேல் ஆயில் ஊற்றினாலும் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். "கொஞ்சம் கூட இருந்தா நல்லதுதானே" என்பது ஹைட்ராலிக் டேப்பட் விஷயத்தில் நல்லதல்ல. ஸ்லோ ஸ்பீடில் மட்டும் கேட்டு, லேசாக ரேஸ் செய்ததும் மறைந்தால், செல்ஃப் எடுக்கச் சுலபமாக எக்ஸாஸ்ட் வால்வைத் தூக்கிக் கொடுக்கும் தானியங்கி டிகம்ப்ரஸரையும் சந்தேகப்படலாம்.

என்னுடையது ஆறிய நிலையிலும் அடித்தது, சூட்டிலும் அடித்தது. ரேஸ் செய்தால் அதே சத்தம் வேகமாக வந்தது, அவ்வளவுதான்.

மூன்றாவது, இடம். நீளமான ஸ்க்ரூட்ரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்கும் வழக்கம் எல்லாப் பட்டறையிலும் உண்டு. பாரிஸ் மருத்துவர் லெனெக் 1816-ல் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டாரே, அதன் தம்பி இது. உலோகத்திலிருந்து காற்றுக்கு ஒலி எளிதில் இறங்காது. எஃகின் பரப்பை வந்து அடையும் ஒலி ஆற்றலில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் காற்றுக்குள் போகாது. மற்றதெல்லாம் உலோகத்துக்குள்ளேயே திரும்பி அலையும். ஸ்க்ரூட்ரைவர் அந்த உள்ளொலியை நேராகக் காதின் எலும்புக்குக் கொண்டுவருகிறது. ராக்கர் மூடியின் முன்பக்கம், பின்பக்கம், டேப்பட் இருக்கும் கீழ்ப்பகுதி, டைமிங் கவர் என்று வரிசையாகத் தொட்டுக் கேட்டேன். எக்ஸாஸ்ட் டேப்பட்டின் பக்கம் கீழே, சுத்தியலால் தட்டுவதுபோல் தெளிவாக இருந்தது.

டேப்பட்டைக் கழற்றுவதற்கு முன் இன்னொரு போலியையும் விலக்கவேண்டும். சைலன்சர் பைப் ஹெட்டில் சேரும் இடத்தில் பேக்கிங் சரியாக உட்காராவிட்டால், கசியும் புகை அச்சு அசலாக டேப்பட் மாதிரியே டிக் டிக் என்னும். எஞ்சின் இறக்கிய வண்டியில் இது அடிக்கடி நடக்கும். மூட்டில் கரி படிந்திருந்தால் அதுதான். என்னுடையதில் இல்லை.

மறுநாள் டேப்பட்டுகளை வெளியே எடுத்தோம். நல்ல டேப்பட்டின் பிளஞ்சரை அமுக்கினால் கல் மாதிரி நிற்கவேண்டும். இன்டேக் நின்றது. எக்ஸாஸ்ட் பஞ்சு போல உள்ளே போனது. "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார் தம்பி. நியாயமான பேச்சுதான். ஆனால் காலியான டேப்பட்டுக்கு இரண்டு காரணம் இருக்கலாம். வந்த ஆயிலைப் பிடித்துவைக்க முடியவில்லை, அல்லது ஆயிலே வரவில்லை. முதலாவது டேப்பட்டின் குற்றம், இரண்டாவது வழியின் குற்றம். பிளஞ்சருக்கும் அதன் சுவருக்கும் இடையே சில மைக்ரான் இடைவெளிதான்; ஹோனிங் செய்த பேரலைச் சரியாகக் கழுவாமல் பூட்டினால் அதில் தங்கிய ஒரு பொடி போதும், உருண்டை வால்வு மூடாமல் போக.

இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை செய்தோம். டேப்பட் இரண்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, புது ஆயிலில் மூழ்கவைத்து, குமிழி வருவது நிற்கும்வரை பிளஞ்சரை மெல்ல அமுக்கி அமுக்கி விட்டோம். பிறகு இடம் மாற்றிப் போட்டோம். இன்டேக்கில் இருந்தது எக்ஸாஸ்டுக்கு, எக்ஸாஸ்டில் இருந்தது இன்டேக்குக்கு. இவை அடியில் உருளை உள்ள டேப்பட்டுகள் என்பதால் சிறிது நேரச் சோதனைக்கு இதைச் செய்யலாம். தட்டையான அடி உள்ள பழைய டேப்பட்டுகளை ஒருபோதும் இடம் மாற்றக் கூடாது; அவை தத்தம் கேமோடு சேர்ந்து தேய்ந்து பழகியவை.

பூட்டும்போது அவசரம் ஆகாது. ஆயில் நிரம்பிய டேப்பட் உயரமாக நிற்கும். ராக்கரை இறுக்கியதும் வால்வு திறந்தே இருக்கும். அப்படியே செல்ஃபை அமுக்கினால் வால்வு பிஸ்டனில் இடிக்கலாம், புஷ் ராடு வளையலாம். ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் மிகுதி ஆயில் கசிந்து, புஷ் ராடு மறுபடி விரலுக்கு உருளும்வரை காத்திருக்கவேண்டும். ஒரு டீ குடித்துவிட்டு வரும் நேரம் நிச்சயம் ஆகும். சில சமயம் இரண்டு டீ.

ஸ்டார்ட் செய்தோம். முதலில் இரண்டு பக்கமும் அமைதி. கால் மணி நேரத்தில் டிக் திரும்பி வந்தது, அதே எக்ஸாஸ்ட் பக்கம். பழைய எக்ஸாஸ்ட் டேப்பட் இன்டேக்கில் சத்தமில்லாமல் வேலை செய்தது. நேற்றுவரை நன்றாக இருந்த இன்டேக் டேப்பட் இங்கே வந்து காலியாகிவிட்டது. ஊற்றி அனுப்பிய ஆயில் தீர்ந்ததும் அதற்குப் புதிதாக வரவேயில்லை.

மறுபடி கழற்றி, எக்ஸாஸ்ட் டேப்பட் உட்காரும் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். சுவரில் ஆயில் வரும் துளையில் சாம்பல் நிறத்தில் ஏதோ. மெல்லிய கம்பியால் இழுத்ததும் ரப்பர் போல நீண்டு வந்தது: காய்ந்த சீலண்ட், அரை அரிசி அளவு. கிராங்க்கேஸை மூடும்போது கசிவு வரக் கூடாதே என்று விளிம்பில் தாராளமாகத் தடவியது என் கைதான். பிதுங்கி உள்ளே போன மிச்சம் ஆயிலோடு பயணம் செய்து, அந்தத் துளையில் போய் உட்கார்ந்திருக்கிறது.

ஆயிலை முழுக்க இறக்கி, வெள்ளைத் துணியில் வடிகட்டினோம். இன்னும் மூன்று துணுக்குகள் கிடைத்தன. ஃபில்டரை மாற்றி, துளைகளுக்குக் காற்றடித்து, டேப்பட்டுகளை அவற்றின் பழைய இடத்திலேயே வைத்துப் பூட்டினோம். புஷ் ராடு உருளும்வரை காத்திருந்தோம். தம்பிதான் செல்ஃபை அமுக்கினார். பிறகு ஸ்க்ரூட்ரைவரைக் காதில் வைத்துக்கொண்டு எஞ்சினின் வலது பக்கம் குந்தினார். சூடேறும்வரை எழுந்திருக்கவில்லை.